ரொத்துவாவின் அப்பா

லம்ரியாவின் அப்பாவோடு பிறந்தவர்கள் ஐந்து பேர். மூத்தவருக்கு முதல் பிள்ளை பிறந்தபோது ரொத்துவா என்று பேர் வைத்தார்கள். அன்றிலிருந்து அவர் ரொத்துவா அப்பா ஆனார், அவர் பெண்சாதி ரொத்துவா அம்மா ஆனாள். பிள்ளை இரண்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டது. அதற்குப் பிறகு பிள்ளையே இல்லை. நாற்பத்தோரு வருஷமாக அந்தப் பேரில்தான் இருவரையும் கூப்பிடுகிறார்கள். தோபா ஏரிக்கரையில் பிள்ளை பெற்ற மனிதரைச் சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவது காறித் துப்புவதற்குச் சமம்.

லம்ரியா கடைசித் தம்பியின் மகள். உதவித்தொகை கிடைத்து மேடான் நகரத்தில், பள்ளிக் கடைசி இரண்டு வருஷத்துக்கான ஐபி டிப்ளமோ படிக்கப் போனாள். போன முதல் வருஷமே கணக்கில் இரண்டு தடவை தோற்றாள். ஆறு பாடம், எல்லாம் ஆங்கிலத்தில். அதற்கு மேல் சமூக சேவைக்குக் கட்டாய மணிநேரம், அதற்கும் மேல் நாலாயிரம் வார்த்தையில் ஒரு ஆய்வுக் கட்டுரை. சீப்பில் கொத்துக் கொத்தாய் முடி வந்தது. வீட்டுக்குப் பேசும்போது மட்டும் எல்லாம் நன்றாகப் போகிறது என்பாள்.

கட்டுரைக்கு அவள் எடுத்துக்கொண்டது, ஊரை ஒட்டிய ஏரி வளைவில் கூண்டில் வளர்த்த மீன்கள் ஒரே நாளில் செத்து மிதந்த கதை. அந்தக் கூண்டுகளைப் பார்த்துக்கொண்டவர் ரொத்துவா அப்பா. எந்தத் தேதியில் தண்ணீர் நிறம் மாறியது, எத்தனை மூட்டைத் தீனி போட்டார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள். கட்டுரையின் முதுகெலும்பே அவர் பேச்சுதான். கடைசிப் பக்கத்தில் சொன்னவர் பேரை எழுதவேண்டிய இடத்தில் 'ரொத்துவாவின் அப்பா' என்று எழுதினாள். வேறெப்படி எழுதுவாள்? அவருக்கு வேறு பேர் இருப்பதே அவளுக்குத் தோன்றவில்லை.

பொறுப்பாசிரியை வெரோனிகா ஜகார்த்தாக்காரி, இந்த வழக்கம் தெரியாதவள். கூப்பிட்டு நிற்கவைத்தாள். இது யார், இந்த ரொத்துவாவிடம் பேசமுடியுமா என்று கேட்டாள். அவன் செத்து நாற்பது வருஷமாகப் போகிறது என்றாள் லம்ரியா.

"செத்துப்போன பிள்ளையோட அப்பாதான் உன் சாட்சியா? இல்லாத ஆளை இட்டுக்கட்டி எழுதினா என்ன ஆகும்னு தெரியுமா?"

தெரியும். கட்டுரை தள்ளுபடி. கட்டுரை போனால் டிப்ளமோ போச்சு, உதவித்தொகை போச்சு, பல்கலைக்கழகமும் போச்சு. திங்கட்கிழமைக்குள் அடையாள அட்டையில் உள்ள பேரும் கையெழுத்தும் வரவேண்டும் என்றாள் ஆசிரியை. அறைத்தோழி சித்ரா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உங்க ஊர்ல போலீஸ் ஒருத்தனைப் பிடிக்கணும்னா யார் பேரைச் சொல்லித் தேடுவான்?"

லம்ரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டாள். பெரியப்பா பேர் என்ன என்று கேட்டாள்.

"அண்ணன் பேரைச் சொல்ற வாய் எனக்கில்லம்மா. நீயே போய் அவர்கிட்ட அட்டையை வாங்கிப் பாரு."

சனிக்கிழமை விடிந்ததும் பஸ் ஏறினாள். மத்தியானம் போய்ச் சேர்ந்தபோது பெரியப்பா வாசலில் வலை தைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார், கோபப்படவில்லை. உள்ளே போய் அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் கொண்டுவந்த படிவத்தில் கையெழுத்தும் போட்டார். ஆனால் ஒன்று கேட்டார்.

"அப்போ ரொத்துவா பேரை எடுத்துடுவியா?"

எடுக்கத்தான் வேண்டும் பெரியப்பா, அட்டையில் இருக்கிறதுதான் செல்லும் என்று சொல்லிவிட்டுப் பேரைப் பார்த்து எழுதத் தொடங்கினாள். அட்டை பழசு, எழுத்து பாதி அழிந்திருந்தது. இரண்டு நாள் தூங்காத கண். ஒரு எழுத்து தப்பினாலும் திருப்பி அனுப்புவார்கள் என்ற பயம் வேறு. தலை நிமிராமல் கேட்டுவிட்டாள்.

"மரோஜாஹான்... இதுதானே?"

வலை ஊசி நின்றது. உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெரியம்மாவின் கையும் நின்றது. அவரைப் பெற்ற தாய்கூட, ரொத்துவா பிறந்த பிறகு அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு ஏரிப் பக்கம் நடந்தார். லம்ரியா பஸ் ஏறும்வரை திரும்பவில்லை. மன்னிப்புக் கேட்கவும் ஆளில்லை.

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். மே மாதம் பரீட்சை எழுதினாள். காய்ச்சலோடு மூன்று தாள். ஜூலையில் முடிவு வந்தது. நாற்பத்தைந்துக்கு முப்பத்திரண்டு புள்ளி. டிப்ளமோ கிடைத்தது, பாண்டுங்கில் பல்கலைக்கழகப் படிப்புக்கு இடமும் கிடைத்தது. அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கு மேலே போனவள் அவள் ஒருத்திதான்.

அப்பா பன்றி அடித்து உறவுக்கெல்லாம் சோறு போட்டார். பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்தார்கள். மூத்தவர் முறைப்படி கொடுக்க வேண்டிய, மஞ்சளில் சமைத்த மீனை வாழையிலையில் வைத்து, ஆசீர்வாதம் சொல்லிக் கொடுத்தார். குறை வைக்கவில்லை. அவளை 'மகளே' என்றுகூடச் சொன்னார்.

சாப்பாட்டுக்கு நடுவில் அப்பா கட்டுரையின் நகலைக் காட்டினார். அது கை மாறி மாறிப் பெரியப்பாவிடம் வந்தது. ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. எழுத்து ஒன்றுதான், பேர்களைப் படித்துவிடுவார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் கடைசிப் பக்கம் வரைக்கும் விரல் வைத்துத் தேடினார்.

"இதுல எங்கயாவது என் பையன் இருக்கானா?"

லம்ரியா வாயைத் திறந்தாள். பொய் சொல்ல வரவில்லை.

"இல்ல பெரியப்பா."

"சரி" என்றார். கை எண்ணெய் தாளில் படாமல் பார்த்து நகலை மூடித் தம்பியிடம் கொடுத்துவிட்டு, மிளகாயைத் தன் பக்கம் தள்ளச் சொன்னார்.

பக்கத்தில் பெரியம்மா சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள்.