கோல்கீப்பரின் மக்ரூன் பெட்டி

மதுரையில் உலக நாடுகளின் ஹாக்கிப் போட்டி நடந்தபோது, ஓர் ஐரோப்பிய அணிக்கு உள்ளூர்த் துணையாக என்னைப் போட்டார்கள். லயசன் ஆபீசர் என்று பெயர்தான் பெரிது. பஸ்ஸில் எல்லோரும் ஏறிவிட்டார்களா, தண்ணீர் பாட்டில் வந்துவிட்டதா என்று பார்ப்பதுதான் வேலை. நான் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் இருக்கிறேன். கப்பல்காரர்களோடு பேசிப் பேசி ஆங்கிலம் வரும். தொப்பை விழுவதற்கு முன்னால் மாவட்ட அணிக்கு ஆடியும் இருக்கிறேன். வேறென்ன தகுதி வேண்டும், லீவு போட்டுவிட்டுப் போய்விட்டேன்.

முதல் நாளே அணியின் மருத்துவர் என்னைத் தனியே அழைத்தார். கோல்கீப்பருக்கு முந்திரி, பாதாம் வகையறா ஆகாது, துணுக்கு உள்ளே போனாலும் தொண்டை அடைத்துக்கொள்ளும், ஏற்கெனவே ஒருமுறை சாகக் கிடந்து பிழைத்தவன் என்றார். அன்று முதல் ஹோட்டல் சமையற்கட்டுக்கு நான் சனியனாகிப் போனேன். வெண்பொங்கலில் முந்திரியைப் பார்த்துவிட்டு நான் போட்ட சத்தத்துக்குப் பிறகு, அங்கிருந்த மாஸ்டர் என் தலையைக் கண்டாலே கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்.

கோல்கீப்பர் இருபது வயது நெட்டையன். ஒவ்வொரு வேளையும் தட்டை என் பக்கம் திருப்பிக் காட்டுவான். நான் தலையாட்டினால்தான் கை வைப்பான். அது எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

காலிறுதிக்கு முந்தின நாள் ஆட்டம் இல்லை. பையன்கள் கடல் பார்க்க வேண்டும் என்றார்கள். கடல் என்றால் எங்கள் ஊரை விட்டு வேறெங்கே கூட்டிப் போவேன்? மாதா கோயில் பக்கத்துத் தெருவில் இருக்கும் அக்காவுக்கு உடனே போன் போட்டேன்.

"எக்கா, ஒரு பஸ் ஆளுக்குச் சோறு ஆக்கணும். ஒருத்தனுக்கு மட்டும் முந்திரி ஆகாது. பட்டுச்சுன்னா உயிருக்கே ஆபத்து, பாத்துக்கோ."

"கூட்டியாலே. முந்திரிய நான் வீட்டுக்குள்ளயே வைக்க மாட்டேன்."

சொன்னபடியே செய்திருந்தாள். முந்திரி டப்பா அடுத்த வீட்டுக்குப் போயிருந்தது. நெய்ச் சட்டியைப் புளி போட்டுத் தேய்த்திருந்தாள். பாயாசத்தில் கிஸ்மிஸ் மட்டும் மிதந்தது. மொட்டைமாடியில் பந்தி போட்டு, தேங்காய்ச் சோறும் சீலா மீன் குழம்பும் பரிமாறினாள். தேங்காய் அவனுக்கு ஆகும் என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். பையன் பாயாசத்தை மூன்று தடவை வாங்கிக் குடித்தான். "பிள்ளை எப்படிச் சாப்பிடுதான் பாரு" என்று அக்கா அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

பஸ் கிளம்பும்போது ஓடி வந்து, ஆளுக்கொன்றாக மக்ரூன் பெட்டிகளை என் கையில் திணித்தாள். வெளியூர்க்காரர் யாரும் மக்ரூன் இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது எங்களுக்கு எழுதாத சட்டம். சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வந்தவர்கூட திரும்பும்போது பேக்கரியில் கால் கிலோ கட்டிக்கொண்டுதான் போவார். யாரும் விட்டுப்போகாமல் நானே சீட் சீட்டாகக் கொடுத்து முடித்தேன்.

ஊருக்கு வெளியே உப்பளத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தினோம். மழைக்காலம் என்பதால் உப்பு அம்பாரங்களைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். பையன்கள் போட்டோ எடுத்துக்கொண்டு ஏறினார்கள். எட்டயபுரம் நெருங்கும்போது, முன்சீட்டில் இருந்த கேப்டன் ஒரு மக்ரூனைக் கடித்தபடி, இது எதில் செய்தது என்று கேட்டான். ஊர்ப்பெருமை பேசக் கசக்குமா?

"முட்டை வெள்ளைக்கரு, சீனி..." என்று ஆரம்பித்தேன். மூன்றாவதைச் சொல்லாமலே சீட்டை விட்டு எழுந்துவிட்டேன்.

மக்ரூனில் முந்திரி இருப்பது தெரியாத தூத்துக்குடிக்காரன் உண்டா? ஆனால் எங்களுக்கு அது தின்பண்டக் கணக்கிலேயே சேராது. ஆளை வழியனுப்புவது என்றால் மக்ரூன், அவ்வளவுதான். முந்திரியை வீட்டை விட்டே துரத்திய அக்காவும், பொங்கலுக்குச் சண்டை போட்ட நானும் சேர்ந்தே அதை அவன் மடியில் வைத்திருந்தோம்.

பின்சீட்டுக்கு ஓடினேன். அவன் கண்மூடிச் சாய்ந்திருந்தான். மடியில் பெட்டி, சட்டையெல்லாம் வெள்ளைத் தூள். மருத்துவரைக் கூவி அழைத்தபடியே பெட்டிக்குள் கையை விட்டேன். விரலில் பட்டது நறநறவென்று இருந்தது. நாக்கில் வைத்தேன்.

உப்பு.

பையன் கண்ணைத் திறந்து மலங்க மலங்கப் பார்த்தான். மருத்துவர் ஊசியும் கையுமாக வந்து நின்றார். உப்பளத்தில் ஒருவர் கை நிறைய உப்பு அள்ளிக் கொடுத்தாராம். அதைப் போட்டு வைக்கப் பெட்டி வேண்டியிருந்ததால் மக்ரூனைப் பக்கத்து சீட்காரனிடம் கொட்டிவிட்டானாம்.

"ஒன்று மட்டும் வைத்திருக்கிறேன்" என்று பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான். "நாளை ஜெயித்தால் தின்பதற்கு. உங்கள் அக்கா வீட்டுப் பண்டம்தானே, உங்களிடம் கேட்கத் தேவையில்லை என்று நினைத்தேன்."

பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். அதில் முந்திரி இருக்கிறது என்று அவனிடம் சொன்னேன். சாலையோரம் பஸ்ஸை நிறுத்தி, சோப்புப் போட்டுக் கைகழுவ வைத்து, சட்டையை மாற்றச் சொன்னார் மருத்துவர். மக்ரூன் தூள் ஒட்டியிருக்கும் என்று உப்பையும் பெட்டியோடு தூக்கிப் போடச் சொன்னார். மதுரை வரை அவனையே பார்த்துக்கொண்டு வந்தோம். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹோட்டல் வாசலில் அவன் துள்ளி இறங்கியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. அழுகையும் வந்தது, மறைக்கவில்லை.

அக்காவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"மாதாவே... ரெண்டு பேரும் மடச்சாம்பிராணிதாம்லே" என்றாள். பிறகு, "அப்ப அந்தப் பிள்ளை நம்ம ஊர்லேர்ந்து வெறுங்கையோடயா போவான்?"

மறுநாள் பெனால்டி ஷூட் அவுட்டில் அவன் மூன்றைத் தடுத்தான். ஜெயித்துவிட்டார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு அக்கா வந்தாள். பஸ் பிடித்து வந்திருக்கிறாள். கையில் புது எவர்சில்வர் டப்பா, அது நிறையக் கல் உப்பு. அவன் கையில் வைத்தாள்.

அவன் மூடியைத் திறந்தான். அப்படியே டப்பாவை என் பக்கம் திருப்பிக் காட்டினான்.

ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன்.