மாதேஸ்வரி ஊற்றிய தண்ணீர்

தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் எங்கள் ஹைட்ரஜன் பஸ் நின்றுவிட்டது. டேஷ்போர்டில் 'இன்சுலேஷன் ஃபால்ட்' என்று சிவப்பு விளக்கு. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன.

தருமபுரிக்கு வெளியே ஒரு ஷெட்டில் நகரப் பேருந்துகளுக்கு, ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஃப்யூயல் செல் கட்டினோம். கூலிங் டிசைன் என் பொறுப்பு. செல்களை அடுக்கிய ஸ்டாக்குக்குள், சூட்டைத் தணிக்க ஓடும் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தக் கூடாது. அதனால் உப்பு நீக்கிய டி.ஐ. தண்ணீர்தான் ஊற்றுவோம். உப்பு சேர்ந்தால் கரன்ட் பாடிக்குக் கசியும். கன்ட்ரோலர் வண்டியை நிறுத்திவிடும்.

புது ரேடியேட்டரைச் சூடான டி.ஐ. தண்ணீரில் மூன்று நாள் கழுவ வேண்டும். பிரேஸிங்கில், அதாவது பற்றவைக்கும்போது, உள்ளே ஒட்டிய ஃப்ளக்ஸ் உப்பு அப்போதுதான் போகும். அந்த முறையை எழுதியவன் நான். டெமோ நெருங்குகிறதென்று அரை நாளில் நிறுத்தி, 'முடிந்தது' என்று கையெழுத்துப் போட்டவனும் நான்.

டைரக்டர் ஷெட்டுக்கு வந்தார். "யாருய்யா ஃபில் பண்ணுனது?"

மாதேஸ்வரி முன்னால் வந்தார். டிப்ளமோ படித்துவிட்டு, பென்னாகரம் பக்கத்திலிருந்து தினமும் வருபவர். அந்தப் பக்கத்து ஃப்ளோரைடு தண்ணீரால் பற்களில் பழுப்புக் கறை. பேசும்போது கை தானாக வாய்க்குப் போகும்.

"போர் தண்ணிய ஊத்திட்டியாம்மா?"

"இல்லீங்க சார். டி.ஐ. கேன் சீல ஒடைச்சுத்தாங்க ஊத்துனேன்."

"பல்லப் பாத்தாலே எந்தத் தண்ணின்னு தெரியுதே சார்" என்றார் ஒரு ஃபிட்டர். ஷெட்டே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஸ்டாக்கிலிருந்து எடுத்த தண்ணீருக்கு இரண்டு நாளில் லேப் ரிப்போர்ட் வந்தது. ஃப்ளோரைடு இருந்தது. கூடவே பொட்டாசியம், அலுமினியம். குளோரைடும் கால்சியமும் இல்லை. போர் தண்ணீர் என்றால் அவை இல்லாமல் இருக்காது. முதல் மூன்றும் சேர்ந்ததுதான் ஃப்ளக்ஸ்; சரியாகக் கழுவாத ரேடியேட்டரிலிருந்து வந்தது என்பது பார்த்தவுடனே புரிந்தது.

டைரக்டரிடம் ஃப்ளோரைடு வரியை மட்டும் விரல் வைத்துக் காட்டினேன்.

"நான்தான் சொன்னேனே, ஊர்த் தண்ணி" என்றார். நான் ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்தேன்.

மறுநாள் முதல் மாதேஸ்வரியை வர வேண்டாம் என்றார்கள். ரேடியேட்டரைச் சத்தமில்லாமல் கழற்றி மூன்று நாள் கழுவினேன். பஸ் கணவாய் ஏறியது. எனக்குக் கைதட்டினார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு, அந்த ரிப்போர்ட்டோடு பென்னாகரம் போனேன். மாதேஸ்வரி ஒரு குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலையாக இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். இந்த முறை அவர் கை வாய்க்குப் போகவில்லை.

"போர் தண்ணிய நான் ஊத்தலைன்னு எனக்குத் தெரியாதுங்களா சார்? எங்கிட்ட வந்து சொல்லி என்ன ஆவப்போவுது? அன்னிக்குச் சிரிச்சாங்களே, அவங்ககிட்டப் போயி சொல்லுங்க."

அவர்களில் பலர் இன்னும் அதே ஷெட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புதிதாக வேலைக்கு வருபவர்களும் படியுங்கள். ரேடியேட்டர் கழுவிய தாளில் 'முடிந்தது' என்று எழுதாதீர்கள். கழுவிய தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று மீட்டர் காட்டும் எண்ணை எழுதுங்கள். ரிப்போர்ட்டில் ஒரு வரியை மட்டும் யாராவது விரல் வைத்துக் காட்டினால், விரலை எடுக்கச் சொல்லுங்கள்.

மாதேஸ்வரி ஊற்றியது டி.ஐ. தண்ணீர்தான்.