பிளசரில் போனவன்

எங்கள் ஊரில் அப்போது கார் என்றால் பஸ்தான். முதல் கார் வந்தால் அடுப்பு பற்றும், கடைசிக் கார் போனால் பாய் விரிப்பார்கள். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த வாத்தியார் இங்கிலீஷ் பாடத்தில் ஒரு படத்தைக் காட்டி இதுதான் கார் என்றபோது, இல்லை சார், அது பிளசர் என்று வகுப்பே அவரைத் திருத்தியது. அவர் சிரித்துவிட்டு, பிளசர் என்றால் இங்கிலீஷில் சந்தோஷம் என்று அர்த்தம் என்றார். அதில் எங்களுக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அந்தப் பிளசர் மாரண்டஹள்ளியிலிருந்து எங்கள் ஊருக்கு இரண்டு காரியத்துக்குத்தான் வரும். ஒன்று, கல்யாண மாப்பிள்ளையை ஏற்றிவர. இன்னொன்று, உயிருக்குப் போராடுபவர்களைத் தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக. கொஞ்சம் மிடுக்காக நடக்கிற பெண்ணைப் பார்த்தால், பெரிய பிளசர்ல வந்து எறங்கனவ என்பார்கள். அந்தக் கேலியை ஒருமுறையாவது வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை.

ஆனால் அந்த யோகம் என் தம்பிக்கு அடித்தது. நான் மூன்றாம் வகுப்பு. அவன் பள்ளிக்கூடத்தையே பார்க்காத பொடியன். காய்ச்சலில் கிடந்தவனை ஒருநாள் பிளசரில் ஏற்றினார்கள். அம்மா பின் சீட்டில் அவனை மடியில் போட்டுக்கொண்டாள், அப்பா முன்னால் உட்கார்ந்தார். இடம் நிறைய இருந்தது. நானும் வருகிறேன் என்று கதவைப் பிடித்துத் தொங்கிய என்னைச் சித்திதான் பிய்த்து எடுத்தாள். அவ்வளவு பெரிய வண்டியில் ஏறியும் கண்ணைத் திறந்து பார்க்காத மடையனுக்கா இந்த வாழ்வு என்று வயிறு எரிந்தது.

பல நாள் கழித்து அவர்கள் பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். பிளசரில் போன பவிசு மட்டும் அவனை விட்டுப் போகவில்லை. கீழே கால் வைக்கவே மாட்டான். கிணற்றடிக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும் அம்மாவின் இடுப்பில்தான் சவாரி. எண்ணெய் காய்ச்சி அவன் காலை மட்டும் மணிக்கணக்காக நீவிவிடுவாள். என் தலைக்கு எண்ணெய் வைக்கக்கூட அவளுக்கு நேரம் இருக்காது. பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல் ஒருநாள் காலை நான் பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"எனக்குங் காலு வரலம்மா" என்றேன்.

அம்மா கையிலிருந்த சொம்பைக் கீழே போட்டாள். ஓடிவந்து என் முழங்காலை அழுத்தினாள், பாதத்தைக் கிள்ளினாள், நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வலித்தும் நான் அசையவில்லை. அவள் பதறியதைப் பார்த்து, என் மேலும் இவ்வளவு பிரியமா என்று உள்ளுக்குள் பூரித்துப் போனேன். அப்பா சட்டைகூடப் போடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாரண்டஹள்ளிக்குப் பறந்தார். எனக்காகப் பிளசர் வரப்போகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பியை ஒரு பார்வை பார்த்தேன்.

வெகுநேரம் கழித்து ஊர் எல்லையில் ஹாரன் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். வராத கால் எங்கிருந்து வந்ததோ, பாயைத் தாண்டி, வாசலைத் தாண்டி, எனக்காக வந்த வண்டியை எல்லோருக்கும் முன்னால் பார்த்துவிட வேண்டுமென்று தெருவில் ஓடினேன். வண்டி எதிரில் வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து இறங்கிய அப்பா என் கால்களைப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது.

தோலை உரிக்கப் போகிறார்கள் என்று நின்றேன். அப்பா வண்டியின் மேல் சாய்ந்துகொண்டார். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா மூச்சிரைக்க வந்தாள்.

"ஓடு கண்ணு, அந்தப் புளியமரம் வரைக்கும் ஓடு" என்றாள்.

ஓடித் திரும்பினேன்.

"இன்னொருக்கா ஓடு."

மறுபடி ஓடினேன். அவள் முந்தானையால் முகத்தை மூடி அழுதாள், சிரித்தாள். பொய் சொன்னதற்கு இதுதான் தண்டனை போலிருக்கிறது, அவனுக்கு இடுப்பு, எனக்கு ஓட்டம் என்று குமுறிக்கொண்டே ஓடினேன். காலி பிளசர் கிளம்பிப் போயிற்று. தம்பி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவின் இடுப்பிலிருந்து என் கால்களையே முறைத்துக்கொண்டிருந்தான். பிளசரில் போனவனுக்கு என் மேல் என்ன பொறாமை என்று அன்று எனக்கு விளங்கவில்லை.