சந்தேகத்தில் சாத்திய கதவு

சென்ற ஆண்டு புரட்டாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு ஒரகடத்தில் எங்கள் வாடகை வீட்டில் நடந்தது இது. நேரத்தைக் குறித்து வைப்பது என் பழக்கம்.

மனைவியின் தம்பி எங்களோடு இருக்கிறான். ஷிப்ட் முடிந்து வரும்போது நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவன். மாற்றுத்திறனாளி உதவித்தொகையில்தான் தன் மருந்தை வாங்குகிறான்; எங்களிடம் கை நீட்டாததில் அவனுக்கு ஒரு பெருமை. வாங்குபவர் உயிரோடு இருக்கிறாரா என்று ஆண்டுதோறும் சரிபார்ப்பார்கள். முன்பெல்லாம் அவனை நாற்காலியோடு தூக்கி அலுவலக மாடி ஏறுவோம். அந்த ஆண்டு வீட்டுக்கே வந்து முகத்தைப் படமெடுப்பார்கள் என்றார்கள். வீடு தேடி வரும் அரசாங்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை, நம்பவில்லை.

கதவைத் தட்டிய பெண்ணின் கையில் ஒரு போன். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தேன். அதன் தேதி முந்தின மாதமே முடிந்திருந்தது.

"புது கார்டு இன்னும் வரல சார்" என்றார். என் சந்தேகம் வலுத்தது.

நான் தொழிற்சாலையில் தர ஆய்வாளர். எங்கள் கேட்டில் யார் வந்தாலும், உள்ளே எதையும் படமெடுக்காதபடி போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டித்தான் விடுவார்கள். அதே நினைப்பில், "கேமராவுல ஸ்டிக்கர் ஒட்டிட்டு வாங்க" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "இன்னா சார், அதுலதான் அவரு மொகத்த எடுக்கணும். ஸ்டிக்கர ஒட்டிட்டு நான் இன்னாத்த எடுக்கறது?"

எனக்குச் சுருக்கென்றது. "ஆபீசுல கேட்டுக்கறேன், கெளம்புங்க" என்று கதவைச் சாத்தினேன்.

உள்ளே மைத்துனன், "யாரு மாமா?" என்றான்.

"மோசடிக் கும்பல்."

"பேசுனதெல்லாம் காதுல வுழுந்துச்சு. எனக்கு வந்த ஆளுதானே? என்னை ஒரு வார்த்த கேட்டியா? காலுதான் மாமா வராது, வாய் கீதுல்ல?"

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். வந்தவர் அவர்கள் ஆள்தான். அன்றே கடைசி நாள். வீட்டில் மறுத்துவிட்டதாகப் பதிவானால் தொகை நின்றுவிடும். முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும்.

பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். ஷேர் ஆட்டோ நிறுத்தத்தில் வெயிலில் நின்றிருந்தார். "மறுத்துட்டதா போட்டுட்டீங்களா?" என்று கேட்டேன். போனைத் திருப்பிக் காட்டினார். 'வீடு பூட்டியிருந்தது' என்று இருந்தது.

"பூட்டுன்னு போட்டா சாயங்காலம் மறுபடி வரலாம் சார். நீங்க தொரத்தினதுக்கு அவரு இன்னா பண்ணுவாரு?"

பொய்ப் பதிவு. என் வேலையில் இப்படி ஒன்றைப் பார்த்தால் விடவே மாட்டேன். அன்று தலை குனிந்து அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டேன்.

மைத்துனன் தலை வாரி, சட்டை மாற்றி, படத்துக்குத் தயாராக இருந்தான். "மேடம், ஸ்டிக்கர் இருந்தா மாமா வாயில ஒட்டுங்க" என்றான். இரண்டே நிமிடத்தில் வேலை முடிந்தது.

சந்தேகப்படும் குணம் என்னை விட்டுப் போகவில்லை, போகவும் வேண்டாம். ஆனால் அவனைத் தேடி வருபவரை நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவன் அவன்தான் என்பதை அதன்பின் நான் மறந்ததில்லை.