இந்து அனுப்பிய தேவாலயப் படங்கள்

இந்துவுக்குப் படம் எடுப்பதைப் பற்றித் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. மூணாற்றில் பிறந்து வளர்ந்தவள். பன்னிரண்டாவது முடித்த விடுமுறையில், மலைச்சரிவைப் பார்க்க வண்டிகள் நிற்கிற வளைவில் ஒரு கடையில் வேலைக்கு நின்றாள். சுற்றுலா வருகிறவர்களுக்குக் கொழுந்து கிள்ளுகிறவர்களின் வேஷம் கட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொடுக்கிற கடை அது. கலர் சேலை, தலைக்குத் துண்டு, முதுகில் கூடை. "அக்கா, கொழுந்தைப் பாக்காதீங்க, இங்க பாத்துச் சிரிங்க" என்று நாள் முழுக்கச் சொல்லுவாள். எர்ணாகுளத்து அம்மணிகள் அழகாகச் சிரிப்பார்கள். அதே சரிவுக்கு மேலே, அட்டை கடித்த காலோடு நிஜக் கூடை சுமந்து நின்ற இந்துவின் அம்மா ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. படத்துக்குள் சிரிக்கிறவர் சந்தோஷமாகத்தான் இருக்கிறார் என்று நம்புவதற்கு இந்து ஒன்றும் பச்சைப்பிள்ளை இல்லை. அவள் குடும்பம் நம்பியது. நம்பும்படி எடுத்து அனுப்பினது அவள்தான்.

கல்யாணம் முடிந்து அவள் போன வீடும் எஸ்டேட் லயத்து வீடுதான். ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசையில் ஓர் அறை, ஒரு அடுப்படி, முன்னால் ஒரு தாழ்வாரம். கணவன் ஜெகன் ஜீப் ஓட்டினான். மாமியார் சாந்தம்மாள் கொழுந்துக்காரி. நாத்தனார் கிருத்திகா அப்போது கல்லூரியில் பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். வீடு கம்பெனியுடையது. வீட்டில் யாராவது ஒருவரின் பேர் செக்ரோலில், அதாவது எஸ்டேட்டின் வேலையாள் பதிவேட்டில் இருக்கிற வரைக்கும்தான் குடியிருக்கலாம். பேர் போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அப்பா காலம், தாத்தா காலம் என்று எத்தனை கதை சொன்னாலும் ஆபீஸில் காது கொடுக்க மாட்டார்கள். அதனால் லயத்தில் ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் மாட்டிக்கொள்வார். மற்றவர்கள் ஜீப் ஓட்டலாம், ஹோட்டலில் வேலை பார்க்கலாம், திருப்பூருக்குப் போகலாம். அந்த ஒருவர் மட்டும் எங்கேயும் போக முடியாது.

சாந்தம்மாளுக்கு வயதாகிச் செக்ரோலிலிருந்து பேரை எடுத்தபோது அந்த இடத்துக்கு இந்து வந்தாள். நர்சிங் உதவியாளர் படிப்பு படித்திருந்தாள். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. நோயாளிக்குத் துடைத்துவிடுவதும் படுக்கை மாற்றுவதும் அவளுக்குக் கைவந்த வேலை. கொச்சியிலிருந்து வந்த ஏஜென்ட் அதைத்தான் பிடித்துக்கொண்டான். இங்கே செய்கிற அதே வேலைதான், இங்கிலாந்தில் முதியவர்களுக்குச் செய்யப்போகிறீர்கள், அவ்வளவுதான் என்றான். சாந்தம்மாளின் சர்வீஸ் பணம் அப்படியே அவன் கைக்குப் போனது. இந்துவின் இடத்தில் செக்ரோலுக்குக் கிருத்திகாவின் பேர் போனது. ஆஸ்பத்திரியில் அவளுக்கு இடமில்லை. பி.காம். படித்த பெண் நனையாமல் இருக்க இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு கொழுந்துக்குப் போனாள்.

"ஒரு வருசம் பல்லைக் கடிச்சுக்க, கிருத்தி. நான் போயி நின்ன ஒடனே அடிமாலியில எடம் வாங்கிரலாம். அப்புறம் எவன் வீடும் நமக்கு வேணாம்" என்றாள் இந்து.

"போயிட்டு வாங்க மதினி. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் கிருத்திகா. பேருந்து ஏறும்போது அவள் முகத்தை இந்து பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதே நல்லது என்று பட்டது.

இங்கிலாந்தில் இந்து போய்ச் சேர்ந்த ஊர் வெல்மார்ஷ். நடுவில் கல் பாவிய சதுக்கம், அதில் வியாழக்கிழமை சந்தை, நாலா பக்கமும் சாய்ந்து நிற்கிற பழைய கட்டடங்கள். சின்ன ஊர். அதற்கு மூன்று பழைய தேவாலயங்கள். ஊர் அழகான ஊர்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவளை வேலைக்கு எடுத்த கம்பெனிக்காரன் இரண்டாம் நாளே கேட்டான், கார் ஓட்டத் தெரியுமா என்று. முதியவர்கள் அவரவர் வீட்டில் இருக்கிறார்கள், கிராமம் கிராமமாக ஓட்டிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும் என்றான். மூணாற்றில் பாதி ஊரை ஜீப்பில் ஏற்றி இறக்குகிறவனின் பெண்டாட்டி ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. ஏஜென்டும் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. நடந்து போகிற தூரத்தில் இருந்த ஒரு கிழவரை மட்டும் காலையில் எழுப்பிக் குளிப்பாட்டிவிடுகிற வேலை அவளுக்குக் கிடைத்தது. மற்ற நேரமெல்லாம் சும்மா இருப்பு. வேறு இடத்தில் வேலை தேடலாம் என்றால், விசா இந்தக் கம்பெனியின் பேரில். ஜெகனைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றால், இந்த வேலைக்கு வருகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டிவரக் கூடாது என்று சட்டம் மாறியிருந்தது. ஊருக்குத் திரும்பலாம்தான். மாமியாரின் ஆயுள் உழைப்பை விழுங்கிவிட்டு எந்த முகத்தோடு திரும்புவது? குழந்தையைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுவிட்டு வந்தவள் அவள்.

கம்பெனி கொடுத்த அறையில் நான்கு பெண்கள். பகலில் ஹீட்டரைப் போடக் கூடாது. அதன் சுவிட்சை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தான் வீட்டுக்காரன், என்னவோ அதற்குள் பொக்கிஷம் இருக்கிற மாதிரி. ஒரு நாள் குளிர் தாங்காமல் தெருவில் நடந்தபோது செயின்ட் மேரி தேவாலயத்தின் கதவு திறந்திருந்தது. உள்ளே போனாள். சூடாக இருந்தது. காசு கேட்கவில்லை. யாரும் ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. மூணாற்றில் பக்கத்து வீட்டுச் செபமாலையம்மாளோடு மாதா கோயிலுக்குப் போன பழக்கத்தில் செருப்பைக் கழற்றுவது போல ஷூவை வாசலில் கழற்றிவிட்டு, சாக்ஸ் காலோடு கல் தரையில் நடந்தாள். அங்கே பார்வையாளர்களுக்கு விவரம் சொல்ல உட்கார்ந்திருந்த ஹேசல் என்கிற பாட்டியம்மாள் எட்டிப் பார்த்து, காலில் ஏதும் புண்ணா என்று அக்கறையாகக் கேட்டாள்.

அன்று முதல் அதுதான் அவள் போக்கிடம். மூன்று தேவாலயங்களையும் முறை வைத்துச் சுற்றினாள். ஒன்றில் கம்பளி வியாபாரியும் அவர் மனைவியும் கல்லறை மேல் சிலையாகப் படுத்திருந்தார்கள், கைகூப்பி, காலடியில் ஒரு நாய்க்குட்டியோடு. இன்னொன்றில் சுவரில் பாதி சுரண்டப்பட்ட பழைய ஓவியம். நரகத்துக்குப் போகிறவர்கள் பளிச்சென்று தெரிந்தார்கள், சொர்க்கத்துக்குப் போகிறவர்கள் அழிந்துபோயிருந்தார்கள். மூன்றாவதில் கோபுரத்தின் மேல் ஏறி ஊரைப் பார்க்கலாம், அதற்கு டிக்கெட் உண்டு. அவள் ஏறவில்லை. கீழே நின்று, ஏறி இறங்கியவள் மாதிரி ஒரு படம் எடுத்துக்கொண்டாள். வண்ணக் கண்ணாடி ஜன்னலுக்குக் கீழே ஒன்று, சந்தைச் சதுக்கத்தில் பூக்கடைக்கு முன்னால் ஒன்று. அறைத் தோழியின் நல்ல கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டாள். கொழுந்தைப் பார்க்காதீர்கள், இங்கே பார்த்துச் சிரியுங்கள் என்று ஊராருக்குச் சொன்னவளுக்குத் தனக்குச் சொல்லிக்கொள்ளவா தெரியாது?

லயம் முழுக்க அந்தப் படங்கள் சுற்றின. ஜெகன் ஜீப்பில் ஏறுகிறவர்களிடமெல்லாம் காட்டினான். சாந்தம்மாளுக்கு மட்டும் ஒரு விஷயம் உறுத்தியது. எந்தக் கோயில் வாசலைப் பார்த்தாலும் கல்லறையாக நிற்கிறதே.

"ஏத்தா இந்து, சுடுகாட்டு வழியாவா கோயிலுக்குப் போற? வீட்டுக்கு வந்து தலை முழுகுனியா இல்லையா?"

"முழுகிட்டேன் அத்தை" என்றாள் இந்து. அந்த வீட்டில் வெந்நீர் வருவது காலையில் கொஞ்ச நேரம். அதற்கும் வரிசை. அவள் தலை முழுகி வாரமாகியிருந்தது. மாமியார் கேட்டதற்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. படம் அனுப்புவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கேட்பார்களே.

ஒரு புதன்கிழமை காலை, கிழவரைக் குளிப்பாட்டிவிட்டுச் சந்தைச் சதுக்கத்துக்கு வந்தபோது கிருத்திகா குரல் செய்தி அனுப்பியிருந்தாள். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். குரலில் துள்ளல்.

"மதினி, அதே ஏஜென்ட்டுதான். பேசி முடிச்சாச்சு. மூணு மாசம் கொச்சியில இங்கிலீசு பயிற்சி, அங்கனயே தங்கணுமாம். எஸ்டேட்ல அவ்வளவு லீவு தர மாட்டேங்காவ. நாளைக்குக் காலையில பெரட்டு முடிஞ்சதும் ஆபீசுல ராஜினாமா குடுத்துருவேன். அண்ணனுக்கும் சம்மதம். வீடு போனாப் போவுது, நாம ரெண்டு பேரும் சம்பாதிச்சா அடிமாலியில மாடி வீடே கட்டலாம்ல?"

இந்து செய்தியை மறுபடி ஒருமுறை போட்டுக் கேட்டாள். பெரட்டு என்பது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம். அங்கிருந்து ஆபீஸ் நாலு எட்டு. ஒருமுறை எடுத்த பேரைக் கம்பெனி மறுபடி சேர்த்ததாகச் சரித்திரம் இல்லை. வீடும் போகும், பெண்ணும் இங்கே வந்து இந்த அறையில் ஐந்தாவது ஆளாகப் படுப்பாள். சந்தைச் சதுக்கத்திலேயே நின்று கூப்பிட்டாள்.

"கிருத்தி, வேணாம்டி. இங்க வேலை இல்ல. எனக்கே இல்ல. ஒரே ஒரு கிழவர்தான். மத்த நேரம் சும்மாதான் கெடக்கேன்."

"என்ன மதினி விளையாடுதீங்க?"

"சத்தியமாடி."

கிருத்திகாவின் குரலில் துள்ளல் போய்விட்டிருந்தது.

"போன ஞாயித்துக்கிழமை கூட அந்தப் பெரிய கோயில்ல சிரிச்சுக்கிட்டு நிக்கீங்க. கோட்டு என்ன, பூ என்ன. வேலை இல்லாதவுக அப்படியா இருப்பாவ? நான் வர்றதுல உங்களுக்கு இஷ்டமில்லன்னா நேராச் சொல்லுங்க. நான் இங்கனயே அட்டைக்கு ரத்தம் குடுத்துக்கிட்டுக் கெடக்கணும். அப்பத்தான் வீடு உங்களுக்குப் பத்திரமா இருக்கும். அதானே?"

இந்துவால் இல்லை என்று உடனே சொல்ல முடியவில்லை. அந்த ஒரு நொடி தயக்கத்தில் கிருத்திகா போனை வைத்துவிட்டாள். ஜெகனைக் கூப்பிட்டால் அவன் ஜீப்பில், மலையில், சிக்னல் இல்லை. வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்பது தெரிந்துபோயிற்று. அவள் அனுப்பிய படங்கள் அவளுக்கே எதிர்ச்சாட்சியாக நின்றன.

புதன்கிழமைகளில் செயின்ட் மேரியில் இன்னொரு காரியம் நடக்கும். இந்து இதுவரை யாரிடமும் சொல்லாத காரியம். மதியத்துக்கு மேல் பின்வரிசை பெஞ்சுகளைத் தள்ளிவிட்டு நீள மேசை போடுவார்கள். சாப்பாட்டுக்குத் திண்டாடுகிறவர்கள் வரிசையில் நின்று ஒரு பை வாங்கிக்கொண்டு போகலாம். வாராவாரம் அவளும் நிற்பாள், தலையில் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு, தெரிந்த முகம் வந்துவிடக் கூடாதே என்று சுவரைப் பார்த்தபடி. அன்றும் போய் நின்றாள். முறை வர இரண்டு பேர் இருக்கும்போது குல்லாயைக் கழற்றினாள். போனை எடுத்து, மற்றவர்கள் முகம் விழாதபடி பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு வீடியோவில் கூப்பிட்டாள். விரல் பச்சை வட்டத்தின் மேல் கொஞ்சம் நின்றுதான் அழுத்தியது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

சாந்தம்மாள்தான் எடுத்தாள். பின்னால் ஜெகன் வந்து குனிந்தான். வேலை முடிந்து வந்த கிருத்திகா வாசலில் அட்டை கடித்த காலுக்கு உப்புத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"கோயில்லயா இருக்க? என்னத்தா கூட்டம்? அன்னதானமா?" என்றாள் சாந்தம்மாள் சந்தோஷமாக.

முறை வந்துவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் ஹேசல். இந்து போனை உயர்த்திப் பிடித்தபடியே மற்ற கையை நீட்டினாள். அரிசிப் பொட்டலம், பீன்ஸ் டப்பா, ரொட்டி, இரண்டு ஆப்பிள். பை கைக்கு வந்தது. வண்ணக் கண்ணாடி ஜன்னல் நேர் மேலே இருந்தது. லயத்தில் எல்லோரும் பார்த்துப் பார்த்து ரசித்த அதே ஜன்னல்.

"அன்னதானம் இல்ல அத்தை. சாப்பாட்டுக்கு இல்லாதவுகளுக்குக் குடுக்கது. நான் வாராவாரம் வாங்குதேன். அந்தக் கோட்டு இரவல். அந்தப் படம் எல்லாம் சும்மா."

சாந்தம்மாள் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். போன் கை மாறியது. கிருத்திகாவின் முகம் வந்தது, கன்னத்தில் தேயிலைத் தூசியோடு. பையைப் பார்த்தாள். இந்துவைப் பார்த்தாள்.

"எத்தன மாசமா மதினி?"

"வந்ததுல இருந்தே."

"ஏன் சொல்லல?"

இந்து பையைத் தூக்கிக்கொண்டு தேவாலயத்தின் வாசலுக்கு வந்து கல்லறைகளுக்கு நடுவில் நின்றாள். காற்று முகத்தில் அறைந்தது.

"அந்த ராஜினாமாத் தாளு இங்கனதான் இருக்கு. நான் குடுக்க மாட்டேன்" என்றாள் கிருத்திகா. "நாளைக்குக் கொழுந்துக்குப் போறேன். நீங்க எப்ப வந்தாலும் வீடு இருக்கணும்ல."

இதைக் கேட்கத்தான் இந்து இத்தனை பாடுபட்டாள். ஆனால் அந்தப் பெண்ணின் குரலில் கோபமில்லை, ஆசையுமில்லை, ஒன்றுமே இல்லை. இருபத்துநாலு வயதில் ஒரு குரல் அப்படி ஆகக் கூடாது. வீடு போனாப் போவட்டும் கிருத்தி, நீ படிச்ச படிப்புக்கு எங்கயாவது வேலை பாத்துக்கிட்டுப் போ என்று சொல்லிவிட வேண்டும். சொல்ல வாயைத் திறந்தாள். சொல்லிவிட்டால், நாளைக்கே இந்த ஊர்க் கம்பெனி விரட்டிவிட்டால், தான் எங்கே போய் இறங்குவது?

"சரி கிருத்தி" என்றாள் இந்து.