அக்காவுக்கு நான் மறுத்த பலாச்சுளை

அக்காவுக்கு மார்பில் புற்றுக்கட்டி என்று தெரிந்த பிறகு எடுத்த ஸ்கேனில், அந்த இடம் மட்டும் விளக்குப் போட்டதுபோல் தெரிந்தது. "ஒடம்புல ஏத்துன மருந்து சர்க்கரை மாதிரிங்க. இந்த செல்லுங்க அதை அள்ளி அள்ளி விழுங்கும், அதான் இங்க பளிச்சுனு இருக்கு" என்றார் டாக்டரம்மா. எனக்கு அது போதும். மிச்சத்தைப் போனில் பார்த்துக்கொண்டேன்: சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினியில் செத்துவிடுமாம். ஒரு விஷயம் காதில் விழுந்தால் நாலு பேருக்குச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

அரிமளத்தில் அக்கா வீட்டிலேயே தங்கினேன். முதலில் இனிப்பை நிறுத்தினேன். பிறகு பழம், இட்லி, கடைசியில் சோறு. கீரையும் சுரைக்காயும்தான். பலாப்பழக் காலம் அது. பக்கத்துவீட்டு மதினி தூக்குச்சட்டி நிறையச் சுளை கொண்டுவந்தார். வாசலிலேயே மறித்தேன்.

"அங்கிட்டே கொண்டு போங்க மதினி. இது அக்காவுக்கில்ல, கட்டிக்குத் தீனி."

"வாசத்தையாவது விட்டுட்டுப் போங்க மதினி," என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "அதுக்கும் என் தம்பி தடை போட்டுறப் போறான்."

மூவரும் சிரித்தோம். நான்தான் அதிகம்.

அடுத்த கீமோ ஊசிக்குப் போன அன்று, எடை பார்த்த நர்ஸ் அக்காவை மறுபடி ஏறி நிற்கச் சொன்னார். டாக்டரம்மா கையைத் தூக்கிப் பார்த்தபோது வளையல் முழங்கைவரை ஓடியது.

"இந்த ஒடம்பு ஊசியைத் தாங்காது. இன்னைக்குப் போட முடியாதுங்க. சாப்புடுறாங்களா இல்லையா?"

நான் வாயெடுக்குமுன் அக்கா முந்திக்கொண்டாள். "எனக்குத்தாங்க பசியே இல்ல. தம்பி ஊட்டிவிடாத குறைதான்."

முந்தின நாள்தான் ஒரு கை சோறு கேட்டிருந்தாள். நான் தரவில்லை.

அதை நானே சொன்னேன். டாக்டரம்மா திட்டவில்லை. அந்த செல்கள் சர்க்கரையை முழுக்க எரிக்காமல் பெரும்பகுதியைப் பாதியில் விட்டுவிடுமாம். கொஞ்சத்தைப் புதிய செல் கட்டவும் எடுத்துக்கொள்ளுமாம். அதனால்தான் கட்டிக்கு அத்தனை பசி. "நீங்க சோத்தை நிறுத்துனா அது அடங்காதுங்க. இவங்க சதையைக் கரைச்சு, கல்லீரல் சர்க்கரை பண்ணிக் குடுத்துரும். நல்லா சாப்புட்டுத் தேறி வரட்டும், பாப்போம்."

பஸ்ஸில் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். கனமே இல்லை.

இறங்கியதும் மதினி வீட்டுக்குப் போய் நின்றேன். எதற்கென்று கேட்காமல் சுளை எடுத்துக் கொடுத்தார். கேட்டிருக்கலாம்.

அக்கா கொட்டையை எடுத்துவிட்டு, சுளையை வாய்வரை கொண்டுபோனவள் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள்.

"திங்கட்டுமாடா?"

கேலிக்குத்தான் கேட்கிறாள் என்று நிமிர்ந்து பார்த்தேன். கேலியில்லை.