மிர்வா சுட்ட முதல் குண்டு

கூஹ்மோ என்கிற சின்ன ஊரில் முடி வெட்ட மிர்வாவின் கடையை விட்டால் வேறு கடை கிடையாது. மீன்பிடி சாமான் விற்கும் கடைக்குப் பக்கத்தில், ஒற்றை நாற்காலி போட்ட சின்ன இடம். வேட்டை தொடங்கும் ஆகஸ்ட் பிறந்துவிட்டால் அந்த நாற்காலியில் உட்காருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கரடியைத் தவிர வேறு பேச்சே வராது. போன வருஷம் சுட்டது, கண்ணில் பட்டும் சுடாமல் விட்டது, சதுப்பில் நாயைத் துரத்தியது என்று ஆளுக்கொரு கதை. இருபது வருஷமாகக் கத்தரியும் கையுமாக நின்று கேட்டவள் மிர்வா. ஒரே கரடி ஒரு வாயிலிருந்து அடுத்த வாய்க்குப் போவதற்குள் எவ்வளவு எடை கூடும் என்பது அவளுக்கு அத்துப்படி.

மகள் படிக்க ஊலு நகரத்துக்குப் போன குளிர்காலத்தில் வீடு வெறிச்சோடிப் போயிற்று. அப்போதுதான் மிர்வா வேட்டைக்காரர் பரீட்சைக்கான மாலை வகுப்பில் சேர்ந்தாள். பள்ளிக்கூடப் பையன்களோடு உட்கார்ந்து பறவைகளின் பெயரும் துப்பாக்கிச் சட்டமும் படித்தாள். இந்த வயதில் எதற்கு என்று கேட்டவர்களிடம், கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது, ஒரு தடவை கண்ணாலும் பார்த்துவிடலாமே என்று சொல்லி வைத்தாள். உண்மையில் அவளுக்கே சரியான காரணம் தெரியாது.

எழுத்துப் பரீட்சையில் சுலபமாகத் தேறிவிட்டாள். கரடி சுடுவதற்கென்று தனியாக ஒரு குறிபார்க்கும் சோதனை உண்டு. அதில்தான் திணறினாள். தட்டு அகல வட்டத்துக்குள் நாலு குண்டும் விழ வேண்டும். மூன்று விழும், நாலாவது மேலே போய்விடும். விசையை இழுக்கிற நேரத்தில் அவளுடைய தோள் தன்னையறியாமல் விறைத்துக்கொண்டு துப்பாக்கி மூக்கைத் தூக்கிவிடும். வசந்தம் முழுக்க மைதானத்துக்குப் போய்ச் சுட்டுச் சுட்டு, கோடைக்கு முன்னால் ஒருவழியாகத் தேறினாள்.

சேர்வதற்கு ஊரில் ஒரே ஒரு கரடி வேட்டைக் குழுதான் இருந்தது. மரம் வெட்டும் யந்திரம் ஓட்டி ஓய்வு பெற்ற ரௌனோ அதற்குத் தலைவர். கரடியை விடாமல் மறித்துக் குரைக்கத் தெரிந்த நாய் குழுவில் ஒன்றே ஒன்று. துய்ஸ்கு என்று பெயர். அது இஸ்மோவின் நாய். இஸ்மோ மிர்வாவின் முன்னாள் கணவன். பிரிந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. இப்போது அவன் பைவி என்கிற பெண்ணோடு ஊர் ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்தான். பைவியும் மிர்வாவின் கடைக்குத்தான் முடி வெட்ட வருவாள். சின்ன ஊர், வேறு வழியில்லை. இருவரும் வானிலையைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள்.

வேட்டை தொடங்குவதற்கு முதல் நாள் ரௌனோவின் வீட்டு முற்றத்தில் எல்லோரும் கூடினார்கள். மிர்வா புதுத் தோள்வாரில் மாட்டிய பழைய துப்பாக்கியோடு வந்து நின்றதும் இஸ்மோ சும்மா இருக்கவில்லை.

"கத்தரிய வெச்சுட்டு துப்பாக்கிய தூக்கிட்டா. என் பக்கம் மட்டும் திரும்பாம பாத்துக்கங்கப்பா."

"உன்னைச் சுடறதா இருந்தா ஏழு வருஷம் முன்னாடியே லைசென்ஸ் எடுத்திருப்பேன்" என்றாள் மிர்வா.

எல்லோரும் சிரித்தார்கள், இஸ்மோவும்தான். ரௌனோ மட்டும் சிரிக்காமல் அவளைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னார். கரடி வந்தால் முதலில் அதன் பின்னால் பார்க்க வேண்டும். குட்டியோடு வருகிற தாயைச் சுடக்கூடாது. குட்டி இல்லை என்று தெரிந்த பிறகும் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். மனசு ஒப்பவில்லை என்றால் விட்டுவிட வேண்டும். சுடாமல் வந்தவளை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

மறுநாள் காலை மரம் வெட்டி மொட்டையாக்கிய ஒரு சரிவின் ஓரத்தில் அவளை நிறுத்தினார்கள். முன்னால் வெறும் அடிக்கட்டைகள், அதற்கப்பால் ஆளுயரத்துக்கு நெருக்கமாக வளர்ந்த இளம் ஊசியிலைக் காடு. காப்பியைக் குடிக்கவும் பயமாக இருந்தது, பிளாஸ்க் மூடியைத் திருகுகிற சத்தம் கேட்டுவிடுமோ என்று. வெகுநேரம் கழித்து எங்கோ தொலைவில் துய்ஸ்கு குரைத்தது. குரைப்பு ஓரிடத்தில் நின்றது, பிறகு நகர்ந்தது, பிறகு அவளை நோக்கி வரத் தொடங்கியது.

கரடி வந்தபோது அவள் கேட்டிருந்த கதைகளில் ஒன்றுபோலவும் இல்லை. கர்ஜனை இல்லை, மரம் முறியவில்லை. பழுப்பு நிறத்தில் ஒரு உருவம் சத்தமே இல்லாமல் அடிக்கட்டைகளுக்கு நடுவே புகுந்து வந்தது. அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு லேசாக நடக்கும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. சரிவின் நடுவில் நின்று, நாய் எங்கே என்று திரும்பிப் பார்த்தது. மிர்வா அதன் பின்னால் பார்த்தாள். குட்டி இல்லை. மறுபடியும் பார்த்தாள். இல்லை. தோளில் துப்பாக்கியை அழுத்தி விசையை இழுத்தாள்.

கரடி ஒரு சத்தம் போட்டது. சுழன்று திரும்பித் தன் முதுகையே கடிக்கப் போனது. அடுத்த நொடி இளங்காட்டுக்குள் புகுந்து மறைந்துவிட்டது. நாயும் பின்னால் ஓடியது.

அவள் குழுவோடு பேசும் ரேடியோவை எடுத்தாள்.

"சுட்டுட்டேன். விழல."

"எங்க பட்டுது?" என்று ரௌனோ கேட்டார்.

"தெரியல. முதுக கடிச்சுது."

"சரி. குண்டு மாத்திப் போட்டுக்க. அங்கயே நில்லு. ஒரு அடி நகராத."

ரௌனோவும் இஸ்மோவும் வந்து கரடி நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தார்கள். ஒரு அடிக்கட்டையின் மேல் கொத்தாக நீள முடி கிடந்தது. ரத்தம் ஒரு சொட்டும் இல்லை. ரத்தம் இல்லாதது நல்லதுதானே என்று மிர்வா கேட்டாள். ரௌனோ இல்லை என்று தலையை ஆட்டினார். ஆகஸ்ட் கரடிக்குத் தோலுக்கடியில் கொழுப்பு சேர ஆரம்பித்திருக்கும், அது ஓட்டையை அடைத்துவிடும். உள்ளே கிழிந்திருந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது. அடிபட்ட கரடி அந்த அடர்த்திக்குள் படுத்துக்கொண்டு, பின்தொடர்ந்து வருகிறவனுக்காகக் காத்திருக்கும். அப்படியே விட்டுவிட்டும் போக முடியாது. அந்தக் காட்டில்தான் ஊரே பெர்ரி பறிக்கிறது.

இஸ்மோ எதுவும் கிண்டல் செய்யவில்லை. அதுதான் மிர்வாவுக்கு மிகவும் பயமாக இருந்தது. அவன் வேலையைப் பார்க்கிற முகத்தோடு துப்பாக்கியைச் சரிபார்த்தான். நாய் அவனுடையது, அதனால் அவன்தான் முன்னால் போக வேண்டும். தானும் வருவதாக மிர்வா சொன்னாள். நடுங்குகிற கையில் இன்னொரு துப்பாக்கி முதுகுக்குப் பின்னால் வருவது கரடியைவிட மோசம் என்று ரௌனோ சொல்லிவிட்டார். அவளைச் சாலையில் போய் நின்று, பெர்ரி பறிக்க வருகிறவர்களைத் திருப்பி அனுப்பச் சொன்னார்.

அவள் சாலைக்குப் போய் நின்றாள். பெர்ரி பறிக்க யாரும் வரவில்லை. மரங்களுக்குள் இருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. இஸ்மோவோடு வாழ்ந்த காலத்தில் அவன் தொலைந்து போகட்டும் என்று அவள் மனதார நினைத்த நாட்கள் உண்டு. இப்போது அந்த நினைப்புகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தாள். மகளிடம் என்ன சொல்வது என்றும் நினைத்துப் பார்த்தாள். ஊர் என்ன சொல்லும் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். முன்னாள் புருஷனைக் கரடியை விட்டுக் கொன்றாள் என்று அடுத்த நூறு வருஷத்துக்குச் சொல்வார்கள்.

போன் அடித்தது. பைவி.

"மிர்வா, இஸ்மோ போனே எடுக்கல. ஏதாவது பிரச்சனையா?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. அவள் சொல்லவில்லை.

"நான் ஒரு கரடிய சுட்டேன், பைவி. அடி பட்டுச்சா இல்லையான்னு தெரியல. இஸ்மோவும் ரௌனோவும் அதைத் தேடி உள்ள போயிருக்காங்க."

அந்தப் பக்கம் கார்ச் சாவியை எடுக்கிற சத்தம் கேட்டது.

"நீ எங்க நிக்கற?"

"சல்மி ரோட்டுல, மணல் குவாரி பக்கத்துல."

"தனியாவா?"

"ஆமா."

"இரு, வரேன்."

பைவி வீட்டுச் செருப்போடு காரில் வந்து இறங்கினாள். இருவரும் காட்டைப் பார்த்தபடி காரின் முன்பக்கத்தில் சாய்ந்து நின்றார்கள்.

"அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் உன்னை மன்னிப்பேனான்னு தெரியல" என்றாள் பைவி. "இப்பவே சொல்லிடறேன்."

"சொன்னது நல்லது" என்றாள் மிர்வா. காலையிலிருந்து திறக்காத பிளாஸ்கைத் திறந்து காப்பியை ஊற்றிப் பைவியிடம் கொடுத்தாள். பைவி பாதி குடித்துவிட்டு மீதியை அவளிடம் நீட்டினாள்.

துய்ஸ்கு ஒரு தடவை குரைத்தது, மிகத் தொலைவில். பிறகு அதுவும் நின்றுவிட்டது. நாய் குரைப்பதை நிறுத்தினால் என்ன அர்த்தம் என்று பைவி கேட்டாள். மிர்வாவுக்குத் தெரியவில்லை. துப்பாக்கிச் சத்தம் கேட்டால் நல்லதா, கேட்காமல் இருந்தால் நல்லதா என்பதும் தெரியவில்லை. பைவி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். எப்போது பிடித்தாள் என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

ரேடியோ கரகரத்தது. ரௌனோவின் குரல், மூச்சு வாங்கியது.

"எல்லாரும் நல்லா இருக்கோம். கரடியும் நல்லா இருக்கு."

மிர்வா சாலையோரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பைவி காரில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியாது.

அவர்கள் வெளியே வந்து சொன்னதில்தான் முழுவதும் தெரிந்தது. இளங்காட்டுக்குள் தடம் ஒரே சீராகப் போயிருக்கிறது. எங்கும் படுக்கவில்லை, ரத்தம் இல்லை, கால் இழுபடவில்லை. ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது கரடி தண்ணீரில் பாதி தூரம் நீந்திவிட்டிருந்தது. நாய் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் ஏறிய கரடி உடம்பை உதறிவிட்டு, அவசரமே இல்லாமல் நின்று புதரில் பெர்ரி தின்றிருக்கிறது. இஸ்மோ தொலைநோக்கியில் நெடுநேரம் பார்த்திருக்கிறான். முதுகின் மேல் ஒரு சாண் நீளத்துக்கு ரோமம் இல்லாமல் ஒரு கோடு. தோலில் கீறல்கூட இல்லை. பிறகு கரடி சரிவில் ஓட்டமாக ஏறி மறைந்துவிட்டது. அந்தப் பக்கம் பாதுகாக்கப்பட்ட காடு, வேட்டைக்கு இடமில்லை.

"வாரி விட்ட மாதிரி நேரா வெட்டியிருக்கா" என்று இஸ்மோ பைவியிடம் சொன்னான். "என் தலையில ஒரு நாளாவது இவ்வளவு நேரா வெட்டினாளா, கேளு."

பைவி அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு அவனைக் கட்டிக்கொண்டாள். மிர்வா எழுந்து போய்ச் சேறும் நீருமாக நின்ற துய்ஸ்குவின் காதைத் தடவிக் கொடுத்தாள். அந்த நேரத்தில் அவள் கட்டிக்கொள்ளக்கூடியது அது ஒன்றுதான்.

மிர்வா தலைகுனிந்து ரௌனோவிடம் மன்னிப்புக் கேட்டபோது, தன் இருபத்திரண்டாவது வயதில் ஒரு கரடியைக் காயப்படுத்திவிட்டு மூன்று நாள் தேடியும் கிடைக்காமல் போனதை அவர் சொன்னார். அவளுடைய நாற்காலியில் எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறார், அந்தக் கதையை மட்டும் சொன்னதில்லை. அது எங்கே போய்ச் செத்ததோ என்று இன்றைக்கும் நினைப்பு வரும் என்றார். "உன் கரடி எங்க இருக்குன்னு உனக்குத் தெரியும். பெர்ரி தின்னுட்டிருக்கு. அது போதும், போய் ஏதாவது சாப்பிடு."

அன்று பிற்பகல் ரௌனோவின் முற்றத்தில் நெருப்பு மூட்டித் தொத்திறைச்சி சுட்டார்கள். மிர்வா கடுகு தடவி ஒன்றன்பின் ஒன்றாக நாலு தின்றாள். ரை தானிய ரொட்டியும் ஒரு பெரிய துண்டு. அவ்வளவு பசி அவளுக்கு எப்போது எடுத்தது என்று ஞாபகமே இல்லை. அந்த வருஷம் சுடலாம் என்று அரசு அனுமதித்த கரடிகளின் கணக்கு பக்கத்து ஊர்க் குழு சுட்டதோடு முடிந்துவிட்டதாகச் செய்தி வந்தபோது மற்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். மிர்வா மனசுக்குள் நன்றி சொன்னாள்.

அந்த இலையுதிர் காலத்திலேயே அவள் மறுபடியும் மைதானத்துக்குப் போக ஆரம்பித்தாள். துப்பாக்கியின் மூக்கு மேலே தூக்குவது நிற்கும்வரை வாராவாரம் போனாள். சில நாட்களில் பைவியும் கூட வந்து பக்கத்தில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருப்பாள். அடுத்த வருஷம் கரடி மிர்வா நின்ற பக்கம் வரவேயில்லை. அதற்கடுத்த வருஷம் ஒன்று வந்தது. அதன் பின்னால் பார்த்தாள், குட்டி தெரியவில்லை. மறுபடியும் பார்த்தாள். அடிக்கட்டைக்குப் பின்னாலிருந்து சின்னதாக ஒரு தலை எட்டிப் பார்த்தது. மிர்வா துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டாள். இரண்டும் காட்டுக்குள் போய் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பிளாஸ்கின் மூடியைத் திருகித் திறந்து, சத்தம் கேட்டால் கேட்கட்டும் என்று, நிதானமாகக் காப்பி குடித்தாள்.